பஞ்சவர்ணம் இளைத்த கதை

எடை மெஷினையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு வருகிற திங்கட்கிழமை கிளம்பப் போகிற பிள்ளைகளே, உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. இடுப்பை எங்கே அளப்பது, ஒப்புதல் கையெழுத்தை எப்படி வாங்குவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப் போவதில்லை, எனக்கே பாதி மறந்துவிட்டது. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. முப்பது வருடம் இந்த வேலை பார்த்ததில் நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைத்த காரியம் ஒன்று உண்டு. அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு பெண்ணின் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது. அதை மட்டும் சொல்கிறேன். உங்கள் காபி ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். முடியாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனிதர்கள் ஏன் சாப்பிடுகிறார்கள், ஏன் நிறுத்த முடிவதில்லை, வியாதி வருவதற்கு முன்னாலேயே அதை எப்படி மறிப்பது என்று படித்து வாங்கிய டாக்டர் பட்டம் என்னுடையது. மதுரைக்குப் பக்கத்தில் பரவை காய்கறி மார்க்கெட்டில் இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "சரிங்க டாக்டரம்மா" என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்ததும், "முழங்காலு பிடிச்சுக்கிருச்சு, ஒரு ஊசி போட்டு விடுங்களேன்" என்பார்கள்.

அங்கே ஒரு வெங்காய மண்டியில் இருபது பெண்கள் தரம் பிரிக்கிற வேலை செய்தார்கள். காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே வேலை, நடுவில் நாலைந்து தடவை சீனி தூக்கலாக டீ, டீக்குத் துணையாக வடை. உடம்பைக் குறைத்து வியாதியை மறிக்கிற எங்கள் ஆராய்ச்சி அவர்களை வைத்துத்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் மதியம், லோடு ஏற்றி ஓய்ந்த பிறகு, முதலாளி எங்களுக்குக் கொட்டகையை விட்டுக் கொடுப்பார். எங்கள் டிஜிட்டல் மெஷினை முதல் மாதம் ஒருத்தியும் நம்பவில்லை. "இது பேட்டரி போட்ட சாமான், பொய் சொல்லும்" என்று மூட்டைத் தராசில் ஒரு தடவை ஏறிச் சரிபார்த்துவிட்டுத்தான் எங்கள் மெஷினில் ஏறுவார்கள்.

அந்த இருபது பேரில் ஒருத்தி பஞ்சவர்ணம். நாற்பத்து நாலு வயது. மற்றவர்கள் சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருப்பாள். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும். அவள் எங்களிடம் வந்ததற்குக் காரணம் மூத்த மகள். மகளுக்குத் தலைப்பிரசவம், சித்திரையில் நாள் குறித்திருந்தது. "பிள்ளையக் காலை நீட்டிப் போட்டு நாந்தான் குளிப்பாட்டணும் டாக்டரம்மா. தரையில உக்கார முடியாத ஆச்சின்னு சம்பந்தி வீட்ல சொல்லிறக் கூடாது" என்றாள். உடம்பைக் குறைக்க எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல காரணத்தைக் கேட்டதில்லை.

அவள் பக்கத்தில் எப்போதும் சகாயம். மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. இரண்டு பேருக்கும் பதினைந்து வருடச் சிநேகிதம். ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள், அப்படி.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். உடம்பு குறைந்த பெண்கள் ஏன் மூன்றே மாதத்தில் பழையபடி ஏறிவிடுகிறார்கள் என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பிடித்துவிட்டதாக நினைத்தேன். நம் ஊரில் ஒரு பெண் கஷ்டப்பட்டு நாலு கிலோ குறைத்துக்கொண்டு ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால் வாசலிலேயே என்ன கேட்பார்கள்? "ஏண்டி, இம்புட்டு இளைச்சுக் கறுத்துப் போயிட்ட? வீட்ல சோறு போடலையா?" அவ்வளவுதான். கேட்டது அவளை இல்லை, புருஷனை, மாமியாரை, மொத்தக் குடும்பத்தை. மறுநாளே அந்த வீட்டில் கறி எடுப்பார்கள், நெய்யை ஊற்றுவார்கள். ஒரு மாதத்தில் நாலு கிலோவும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன். மண்டியில் ஒரு சட்டமே போட்டேன். இந்தக் கொட்டகைக்குள் யாரும் யாரையும் "இளைச்சுப் போயிட்டியே" என்று கேட்கக் கூடாது. எடை குறைந்தால் கை தட்ட வேண்டும். மீறிக் கேட்டவள் பத்து தோப்புக்கரணம் போட வேண்டும். முட்டி வலிக்காரிகள் முடிந்த மட்டும் குனிந்தால் போதும். அபராதத்துக்கு அபராதம், உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சி! நான்தான் எண்ணுவேன். மற்றவர்கள் சேர்ந்து எண்ணுவார்கள். சிரிப்பாணி தாங்காது. வீட்டுக்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்கூட இதைச் சொல்லி அனுப்பினோம்.

திட்டம் ஐப்பசியில் ஆரம்பித்தது. முதல் இரண்டு மாதம் பஞ்சவர்ணம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள், அரைக் கிலோ இறங்குவதும் கால் கிலோ ஏறுவதுமாக. மார்கழியில் இறங்க ஆரம்பித்தாள். வாரம் தவறாமல் இறங்கினாள். நாங்கள் கை தட்டினோம். டீயை விட்டுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லியிருந்தோம், அவள் பெரிய பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். அவள் படிவத்தில் டிக் போட்டேன். பொழுதோடு படுத்துத் தூங்குங்கள் என்று சொல்லியிருந்தோம், விளக்கு வைத்ததுமே அசந்து படுத்துவிடுவதாகச் சொன்னாள். அதற்கும் ஒரு டிக். தை முடிவதற்குள் பெயிண்ட் டப்பாவை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருபது பேரில் என் செல்லப்பிள்ளை அவள்தான்.

சகாயம் மட்டும் சட்டத்தை மீறிக்கொண்டே இருந்தாள். "ஏ பஞ்சு, என்னடி இது, தோள் எலும்பு தெரியுது? இளைச்சுப் போயிட்ட புள்ள."

"சகாயம்! போடு பத்து" என்பேன் நான்.

"மாதா கோயிலுக்குப் போறவள இப்பிடி வெங்காயத்துக்கு முன்னாடி தோப்புக்கரணம் போட வைக்கிறீகளே, எங்க சாமியாரு பாத்தா என்ன சொல்லுவாரு?" என்று காதைப் பிடித்துக்கொண்டு குனிவாள். எல்லாரும் சேர்ந்து எண்ணுவோம். இப்படி ஒரு தடவை இல்லை, மூன்று புதன்கிழமை. நாலாவது புதன்கிழமை அவள் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வெங்காயத்தைப் பிரித்தாள். சகாயமே திருந்திவிட்டாள் என்று அன்றைக்குக் குறிப்பில் எழுதினேன். அந்தக் குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாசியில், மதுரைக்கு வெளியே நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் ஆய்வுக் கூட்டம். எங்கள் வேலையைப் பார்த்து இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பஞ்சவர்ணத்தையே நேரில் கொண்டுபோய் நிறுத்திப் பேச வைப்பது என்று தீர்மானித்திருந்தேன். துணைக்குச் சகாயமும் வேனில் வந்தாள். வழியில் பஞ்சவர்ணம் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒதுங்கப் போனாள். "கூட்டம்னதும் வயித்தக் கலக்குதா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பார்த்தேன். பனிக்காலம் முடிகிற நேரம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் ஆரம்பித்தது. நான் பேச எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சகாயம் எழுந்து நடுவே வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்று பெரிய மனிதர்கள் முன்னால், மூச்சு வாங்க வாங்க, தானே எண்ணிக்கொண்டு பத்து தோப்புக்கரணம் போட்டாள். முட்டி நொடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"முன்கூட்டியே போட்டுட்டேன் டாக்டரம்மா. இப்பச் சொல்லலாம்ல?" என்றாள். "இவ இளைச்சுப் போயிட்டா. நீங்க சொல்ற இளைப்பு இல்ல இது. இன்னும் எத்தன வேணும்னாலும் போடுறேன், ஆனா இவளுக்கு என்னமோ ஆகுது, பாருங்க."

பிள்ளைகளே, நான் அந்த இடத்திலேயே ஓடிப்போய்ப் பஞ்சவர்ணத்தைப் பிடித்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. எனக்குக் கோபம் வந்தது. மானம் போகிறதே என்று வந்தது. "உக்காரு சகாயம், முடிச்சுட்டுப் பேசுவோம்" என்றேன். என் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தது தெரியுமா? அந்த மென்மையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. குழுவின் தலைவரும், "ஆமாம், பத்து நிமிடம்தானே, முடித்துவிடலாம்" என்றார். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

அடுத்த படம் பஞ்சவர்ணத்தின் எடைக் கோடு. அதைச் சுவரில் பெரிதாகப் போட்டு, குச்சியை வைத்துத் தொட்டுக் காட்டினேன். "பாருங்கள், மார்கழியிலிருந்து ஒரு வாரம்கூட ஏறவில்லை. பொங்கல் வாரத்தில்கூட..."

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பொங்கல் வாரத்தில்கூட ஏறவில்லை. அதே வாரத்தில் மற்ற பத்தொன்பது பேருக்கும் ஏறியிருந்தது, சகாயத்துக்கு ஒன்றரைக் கிலோ. பஞ்சவர்ணத்தின் வீட்டில் மட்டும் பொங்கல் வரவில்லையா? மாட்டுப் பொங்கலுக்குக் கறி எடுக்கவில்லையா? அதற்கடுத்த வாரம் அவள் அண்ணன் மகன் கல்யாணம் வேறு, மூன்று நாள் பந்தி. மனுஷ உடம்பு இறங்கும்போது படி இறங்குகிற கிழவி மாதிரிதான் இறங்கும், நின்று, மூச்சு வாங்கி, சில சமயம் ஒரு படி திரும்ப ஏறி. வருடக்கணக்காக அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது உருட்டிவிட்ட மாதிரி இறங்கியிருந்தது. அப்படி இறங்குவது மனக்கட்டுப்பாடு இல்லை.

திரும்பிப் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. மடியில் பாட்டில், தண்ணீர் தீர்ந்து காலியாக இருந்தது. உட்கார்ந்தபடியே மூச்சு இழுத்து இழுத்து விட்டாள். தண்ணீர், தூக்கம், எடை. நான் டிக் போட்டதும் கை தட்டியதும் மூன்று அறிகுறிகளுக்கு. ஐயோ, பாவி நான் என்று தோன்றியது.

கடிகாரத்தையும் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் கட்டம் போய்விடுமே என்று மனசு ஒரு கணம் கணக்குப் போட்டது. பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிக்க வேண்டும், இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்" என்றேன். தலைவர், "உங்கள் உதவியாளரை அனுப்பலாமே" என்றார். "டிக் போட்டது நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். சர்க்கரை பார்க்கிற மெஷினில் எண் வரவில்லை, 'ஹை' என்று எழுத்துதான் வந்தது. எண்ணால் சொல்ல முடியாத அளவுக்கு இருந்தால் அப்படித்தான் வருமாம். நர்ஸ் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள், மறுபடியும் அதேதான். ஐப்பசியில் நாங்கள் எடுத்த பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை சரியாக இருந்தது. அடுத்த பரிசோதனை வருடக் கடைசியில் என்று அட்டவணை போட்டிருந்தோம். வியாதி எங்கள் அட்டவணையைப் படித்துவிட்டா வரும்?

வேனிலேயே மதுரைக்குக் கொண்டுபோனோம். சகாயம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பஞ்சவர்ணத்துக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. "மகளுக்கு வளையல்... வளையல்" என்று என்னவோ சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் ஏற்றி, இன்சுலின் போட்டு, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இளவயசு டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா நினைவு தப்பியிருக்கும். அப்புறம் எங்க கையில இல்ல" என்றார். நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சகாயம் போய் டீ வாங்கி வந்தாள், சீனி தூக்கலாக. குடித்தேன்.

மூன்றாம் நாள் பஞ்சவர்ணத்தை வார்டுக்கு மாற்றினார்கள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். எனக்குக் கோபம், அழுகை, சந்தோஷம் எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஏம்மா, உனக்கே தெரியலையா? இம்புட்டுத் தண்ணி குடிக்கிற, ராத்திரியெல்லாம் எந்திரிச்சுப் போற, சொல்ல வேண்டாமா?"

"தெரிஞ்சுச்சு டாக்டரம்மா. கண்ணுகூட மங்கலாத்தான் இருந்துச்சு. கை காலெல்லாம் அசந்து அசந்து வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒவ்வொரு புதன்கெழமையும் நான் மெஷின்ல ஏறி எறங்குனா உங்க மூஞ்சி அப்பிடி மலரும். எங்க ஆத்தா செத்ததுக்கப்புறம் என்னயப் பாத்து ஒருத்தரும் அம்புட்டு சந்தோசப்பட்டதில்ல. அதப் போயி நானே கெடுக்கணுமா? கூட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிருவோம்னு இருந்துட்டேன்."

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து, செத்தது யார் என்று விசாரிக்கிற அளவுக்கு அழுதேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பயிற்சியில் உங்கள் மெஷினைச் சரிபார்க்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் முகத்தைச் சரிபார்க்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் சனங்கள் அன்புக்குக் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்களோ அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், உயிரை அடகு வைத்தாவது கொடுப்பார்கள். அப்புறம் அந்த "இளைச்சுப் போயிட்டியே". என் கண்டுபிடிப்பு பொய்யில்லை, பாதிதான் உண்மை. அந்தக் கேள்வி கறிச்சோறு போடவும் செய்யும், காவலும் காக்கும். சம்பளம் இல்லாமல், ஊசி குத்தாமல், தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருந்த ஒரு பரிசோதனையை நான் தடை செய்துவிட்டேன். அந்தத் தடைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க, படித்த எங்களில் ஒருவருக்கும் துப்பில்லை. சகாயத்துக்கு இருந்தது.

இரண்டாம் கட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது. போகட்டும். எங்கள் முடிவுகளிலிருந்து பஞ்சவர்ணத்தின் எடையை எடுத்துவிட்டோம். எடுத்ததும் அந்தப் பிரமாதமான சராசரி சாதாரணச் சராசரி ஆகிவிட்டது. அறிக்கையில் ஏன் எடுத்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதினேன். சித்திரையில் அவளுக்குப் பேத்தி பிறந்தாள், கூப்பிட்டுச் சொன்னாள்.

வைகாசியில் அவள் மண்டிக்குத் திரும்பினாள், பையில் இன்சுலினோடு. அதற்குள் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்த்திருந்தேன்: 'சொன்னால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று நீங்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?' முதலில் அவளிடம்தான் கேட்டேன்.

பஞ்சவர்ணம் சகாயத்தைப் பார்த்தாள். சகாயம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டீங்களே?"

"மாட்டேன், சொல்லும்மா."

"மாசாமாசம் ரெண்டு பாக்கெட்டு ஓட்ஸு குடுத்தீங்கள்ல? காலையில அதத்தான் குடிக்கிறோம்னு இருபது பேரும் எழுதிக் குடுத்தோம்ல?"

"ஆமா."

"ஒருத்தி வீட்லயும் அத மனுசரு வாயில வைக்கல டாக்டரம்மா. எல்லாரும் கொண்டாந்து எங்கிட்டத்தான் குடுத்தாளுக. எங்க வீட்டு ஆட்டுக்குத்தான் வச்சேன்."

இருபது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவும் கூடாது, சுளிக்கவும் கூடாது என்று என் முகத்தைப் படாத பாடு படுத்தினேன்.

"சரி, ஆடு எப்படி இருக்கு?" என்றேன்.

"ஆடு நல்லா வெயிட்டு போட்டுருச்சு."

பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.